துணைக்குப் போனவள்

என் மேசை இழுப்பறையில், பழைய அடையாள அட்டைகளுக்கும் மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுத்த பேனாக்களுக்கும் அடியில், பழுப்பு அட்டை போட்ட இருநூறு பக்க நோட்டு ஒன்று கிடந்தது. நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தோடு அதில் எழுத்து நின்றுவிட்டிருந்தது. எழுத்து தமிழ், எழுதியிருப்பது தெலுங்கு. ‘நரம் கனபடகபோதே கண்டிதோ காது, வேலிதோ சூடு’ என்று ஒரு பக்கத்தின் உச்சியில் இருக்கிறது. தெலுங்கு தெரியாதவர் படித்தால் காது, வேலி, சூடு என்று எதையோ நினைத்துத் தலையைச் சொறிவார். நரம்பு தெரியாவிட்டால் கண்ணால் தேடாதே, விரலால் பார் என்று அர்த்தம். ரத்தம் எடுக்கப் பழகுகிறவர்களுக்கு அதுதான் முதல் பாடம். இந்த நோட்டை வைத்துத்தான் நான் தேறினேன். அந்தத் தேர்ச்சியை வைத்துத்தான் திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரி லேப்பில் பதினோரு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன். நோட்டு என்னுடையது இல்லை. என் அண்ணியுடையது. இந்நேரம் அவள் நகரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் கடலைக்கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருப்பாள்.

ஆந்திராவில் இருக்கிறோம் என்றாலும் எங்கள் வீட்டுக்குள் பேச்சும் எழுத்தும் தமிழ்தான். வாசலைத் தாண்டினால் தெலுங்கு. நான் இன்டரில், அதாவது இங்கத்திய பிளஸ் டூவில், இரண்டு பாடங்களைக் கோட்டைவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, புத்தூரில் பெண்களுக்கென்று ஒரு கம்யூனிட்டி காலேஜில் லேப் உதவியாளர் படிப்பு தொடங்கினார்கள். ஒரு வருஷம்தான், பத்தாவது தேறியிருந்தால் போதும். படிப்பதில் நைனாவுக்கு ஆட்சேபணை இல்லை. பஸ்தான் பிரச்சினை. வயசுப் பெண் ஒண்டியாகப் போய்க்கினு வந்துக்கினு இருந்தால் ஊர் என்ன பேசும் என்றார். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வழி உண்டு. கல்யாணமாகாத பெண் வெளியூர் போனால் கல்யாணமான ஒருத்தியைத் துணைக்கு அனுப்புவார்கள். அண்ணி என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவள். கழுத்தில் தாலி இருந்ததால் அவள் காவல், இல்லாததால் நான் சரக்கு. துணைக்குப் போகிறவளுக்கு வகுப்பு நடக்கிற ஏழு மணி நேரமும் என்ன வேலை என்று எங்கள் வீட்டில் யாரும் யோசித்ததில்லை. நானும் யோசிக்கவில்லை.

அண்ணி தமிழ்நாட்டுப் பக்கம் பள்ளிப்பட்டில் பிறந்தவள். அங்கே தமிழில் பிளஸ் டூ வரை, அதுவும் சயின்ஸ் குரூப் படித்தவள். நர்சாக வேண்டும் என்று ஆசை இருந்ததாம். கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் அதை என் அம்மாவிடம் சொன்னாள். அம்மா சிரித்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

முதல் இரண்டு வாரம் காலேஜ் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சிமெண்டுக் கட்டையின் மேல் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்களுக்குப் பாடம் எடுத்த மேடம் தினமும் அவளைப் பார்த்துக்கொண்டு போவார். மூன்றாவது வாரம் கேட்டேவிட்டார், எதுவரை படித்திருக்கிறாய் என்று. பிளஸ் டூ என்றதும் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். அடுத்த வாரம் அவளுடைய அம்மா வீட்டிலிருந்து மார்க் ஷீட் வந்தது, ரிஜிஸ்டரில் அண்ணியின் பெயர் ஏறியது. வீட்டில் சொல்ல வேண்டாம் என்றாள். முடித்துவிட்டுச் சர்டிபிகேட்டோடு போய் நிற்கலாம், கையில் காகிதம் இருந்தால் அவர்களால் என்ன சொல்ல முடியும் என்பது அவள் கணக்கு. நானும் தலையாட்டினேன். ஒருவர் ரகசியம் நம் கையில் இருப்பது ஒரு சுகம்தான்.

அவளுக்குச் சந்தைத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. பாடமெல்லாம் தெலுங்கு, நடுநடுவே இங்கிலீஷ். அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. மேடம் வாயிலிருந்து வந்ததை வந்தபடியே தமிழ் எழுத்தில் எழுதித் தள்ளினாள். பரீட்சையில் கேள்விகளை வாசித்துக் காட்ட ஏற்பாடு செய்கிறேன் என்று மேடம் சொல்லியிருந்தார். ஊசி குத்திப் பழக, அண்ணன் தூக்கிப்போட்ட சைக்கிள் ட்யூபைத் துண்டு போட்டு, குங்குமம் கரைத்த தண்ணீர் அடைத்து, இரண்டு பக்கமும் நூலால் கட்டி, பழைய கம்பளிக்கு அடியில் வைத்துத் தைத்திருந்தாள். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி ஊசி குத்துவாள். சிரிஞ்சில் சிவப்பு ஏறும். நானும் குத்தினேன். கம்பளிதான் கிழிந்தது.

வகுப்பில் ஒருவர் கையில் ஒருவர் குத்திப் பழகும்போது எல்லாப் பெண்களும் அண்ணியிடம்தான் கையை நீட்டினார்கள். என்னிடம் வந்தவள் இரண்டு நாள் கையில் கருநீலத்தோடு திரிந்தாள். டெஸ்ட் மார்க்கை மேடம் உரக்கப் படிப்பார். மேலே அண்ணி, என்னைக் கீழே தேட வேண்டும். எனக்காகத் திறந்த கதவு, என்னுடைய படிப்பு, இவள் சாப்பாட்டுப் பை தூக்க வந்தவள் என்று எனக்கு வயிறு எரிந்தது. இதை நயமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, வயிறு எரிந்தது. பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தபோது மேடம் வகுப்பிலேயே ஒரு செய்தி சொன்னார். புத்தூரில் ஒரு லேப்பில் ஆள் கேட்டிருக்கிறார்கள், ஒரே ஒரு இடம், அண்ணியின் பெயரைச் சொல்லப் போகிறேன் என்றார். அன்று பஸ்ஸில் அண்ணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர் வரும்வரை சிரித்த முகமாக இருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை பெருமை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் நைனா சோற்றில் கை வைத்ததும் சொன்னேன்.

“எனக்கு வழி பழகிடுச்சி நைனா. கூட ரெண்டு பொண்ணுங்களும் வராங்க. அண்ணி எதுக்கு வீணா அலையணும்?”

இதில் பொய் ஒன்றும் இல்லை. ரகசியத்தையும் நான் உடைக்கவில்லை. கொல்லையில் வேலை குவிந்து கிடந்த சமயம் அது. நைனா யோசிக்கக்கூட இல்லை, சரி, நாளையிலிருந்து மருமகள் நிற்கட்டும் என்றார். நான் படிக்கிறேன் என்று வாயைத் திறந்தால்தான் அவள் இனி வர முடியும். திறந்தால், இத்தனை மாதம் மறைத்தவள் என்று பெயர் வரும். பத்துப் பன்னிரண்டு வார்த்தையில் அவளைக் கட்டிப் போட்டுவிட்டேன். மறுநாள் காலை, நான் கிளம்பும்போது, என் பையில் அந்த நோட்டு இருந்தது. நீ எழுதுறது உனக்கே புரியாது, இதைப் பார்த்துப் படி பாப்பா என்றாள் அண்ணி. அவள் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினேன்.

இதுவரை சொன்னதை யாராவது மன்னித்தாலும் மன்னிப்பார்கள். மேடம் அந்த வாரமே என்னிடம் கேட்டார், உன் அண்ணி ஏன் வரவில்லை என்று. வீட்டில் வேலை என்றேன். அடுத்த வாரம் மறுபடி கேட்டார், நான் வந்து உன் அப்பாவிடம் பேசட்டுமா என்றார். அவர் கோபக்காரர் மேடம், வேண்டாம் என்றேன். நைனா வாத்தியார் என்றால் எழுந்து நிற்கிற மனிதர். மூன்றாவது முறை, ஹால் டிக்கெட் கொடுத்த அன்று, அண்ணியுடையதையும் என் கையில் கொடுத்து, வகுப்புக்கு வராவிட்டாலும் போகிறது, பரீட்சைக்கு மட்டும் வரச் சொல், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அந்த ஹால் டிக்கெட்டை நகரி பஸ் ஸ்டாண்டில் எட்டாக மடித்து, வாழைப்பழத் தோல் கிடந்த கூடையில் போட்டேன். அன்று அண்ணி குடத்தோடு வாசலிலேயே நின்றிருந்தாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“மேடம் என்னப் பத்தி எதுனா கேட்டாங்களா பாப்பா?”

“இல்ல அண்ணி” என்றேன்.

அண்ணியின் நோட்டை உருப்போட்டு நல்ல மார்க்கோடு தேறினேன், புத்தூர் லேப்பில் எனக்குத்தான் வேலை கிடைத்தது. வீட்டில் பொங்கல் வைத்தார்கள். அடுப்பில் விறகு தள்ளியவள் அண்ணி. அங்கிருந்து திருப்பதி. போன வருஷம் அதே காலேஜில் பழைய மாணவி என்று என்னைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். பெண்கள் படிக்க வேண்டும், குடும்பம் துணை நிற்க வேண்டும் என்று அரை மணி நேரம் தெலுங்கில் முழங்கிவிட்டு வந்தேன். கைதட்டல் பலமாகவே இருந்தது.

போன மாதம் அம்மாவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டதென்று அண்ணி திருப்பதிக்குக் கூட்டி வந்தாள். என் அம்மா என்பதால் நானே ரத்தம் எடுக்கிறேன் என்று உட்கார்ந்தேன். வற்றிய கை, நரம்பு பிடிபடவில்லை. இரண்டு முறை குத்தியும் வரவில்லை, அம்மா முனகினாள். அண்ணி அருகில் வந்தாள். கையைத் தொங்கப் போடு அத்தை என்று அம்மாவிடம் சொல்லி, முழங்கை மடிப்பில் விரலை மெல்ல ஓட்டினாள். களைக்கொத்து பிடித்துக் காய்த்துப்போன விரல். ஓரிடத்தில் நின்று, இங்க பாரு பாப்பா என்றாள். குத்தினேன். வந்துவிட்டது.

பிறகு கேன்டீனில் அம்மாவை இட்லியோடு உட்காரவைத்துவிட்டு அண்ணியை மட்டும் டீயோடு ஓரத்து மேசைக்கு அழைத்துப் போனேன். அன்று உன்னை நிறுத்தியது நான்தான், நைனாவிடம் நானாகத்தான் சொன்னேன் என்றேன். சொல்லும்போது அழுகை வந்தது. அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள்.

“தெரியும் பாப்பா. நான் அடுப்பாண்டதான் இருந்தேன், காதுல உழுந்துது. சின்னப் பொண்ணு, ஏதோ ஆத்தாமையில சொல்லிட்ட. அது அப்பவே போச்சி.” கொஞ்ச நேரம் டீ கிளாசைத் திருப்பிக்கொண்டிருந்தாள். “அந்த மேடம்தான். அவ்ளோ ஆசையா இட்டுக்கினு போய் உக்கார வெச்சாங்க. ஏன் வரலன்னு ஒரு வார்த்த கேக்கலயே. அதான் இன்னும் ஆறல.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். கேன்டீனில் கூட்டமாக இருந்தது, அம்மா தண்ணீர் கேட்டாள், எனக்கு டூட்டிக்கு நேரமாயிற்று. இப்படி அடுக்க என்னிடம் எப்போதும் காரணங்கள் உண்டு. அவர்களை நகரி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கை காட்டிவிட்டுத் திரும்பினேன்.

நோட்டில் எண்பத்திரண்டு பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அவள் நின்ற பிறகு நடந்த பாடங்களை எழுத வேண்டிய பக்கங்கள். நான் அந்த வகுப்புகளில் உட்கார்ந்திருந்தேன், ஒரு வரி எழுதவில்லை. அந்தப் பக்கங்களில்தான் இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் நோட்டை அவள் கையில் கொடுக்க வேண்டும். வாய் வராது என்று எனக்குத் தெரியும். அதனால் தமிழிலேயே எழுதிவிட்டேன், அவளுக்கு யாரும் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை.

மேடம் கேட்டாங்க அண்ணி. மூணு தடவ கேட்டாங்க.