சின்னப்பன் விட்டு வைத்த குச்சிகள்

போன செவ்வாய்க்கிழமை மொரப்பூர் ஸ்டேஷனிலிருந்து வெறுங்கையோடு திரும்பினேன். பட்டாளத்து ரயில் ஒன்று நிற்கும், மலாயாவிலிருந்து தப்பி வந்த சிப்பாய்கள் அதில் இருப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். ரயில் நிற்கவே இல்லை. ஓடுகிற ஜன்னல்களைப் பார்த்து மகன் பெயரைக் கத்தியதுதான் மிச்சம்.

என் மகன் ராஜு பட்டாளத்தில் சேர்ந்து மலாயாவுக்குப் போனவன். ஜப்பான்காரன் கையில் சிங்கப்பூர் விழுந்ததிலிருந்து அவனிடமிருந்து ஒரு வரி கிடையாது. இருக்கிறானா, இல்லையா... யாரைக் கேட்பது?

நல்லம்பள்ளியில் வீட்டுக்குள் நுழைகிறேன் — கிணற்றடியில், தோட்ட வேலைக்குச் சொல்லியிருந்த சின்னப்பன் அரிவாளைக் கழுவிக்கொண்டிருக்கிறான். முகமெல்லாம் சிரிப்பு.

"நாளைக்கு வரச் சொன்னீங்க. இன்னிக்கே முடிச்சுட்டேனுங்க!"

என்ன வேலை என்கிறீர்களா? ராஸ்பெர்ரிச் செடியை வெட்டிவிடுகிற வேலை!

ராஜு பட்டாளத்துக்கு முன்னால் சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தான். அங்கிருந்து சில நாற்றுகள் கொண்டுவந்து கிணற்றடியில் வேப்பமர நிழலில் வைத்தான். இந்த வெயிலுக்கு இதெல்லாம் வருமா என்று ஊரே சிரித்தது. வந்தது. முள்ளும் குச்சியுமாக வளர்ந்து, கருஞ்சிவப்பாகப் பழுத்தது.

அதற்கு ஒரு குணம் உண்டு. இந்த வருஷம் கிளம்புகிற குச்சி அடுத்த வருஷம் காய்க்கும். காய்த்ததும் அதன் கதை முடிந்தது. அதை அடியோடு வெட்டிவிட்டு, பக்கத்தில் பச்சையாகக் கிளம்பியிருக்கும் புதுக் குச்சியைக் காப்பாற்ற வேண்டும்.

"காய்ச்சு முடிஞ்சதப் பாவம் பாக்காம வெட்டிடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினான்.

கடிதம் நின்ற பிறகு என் மனைவி மரகதம் அரிவாளைக் கிட்டே விடவில்லை. "அவன் வந்து வெட்டிக்குவான்." அவ்வளவுதான். செடி புதராகிவிட்டது. இந்த மாசியில் ஒரு கைப்பிடி பழம்கூடத் தேறவில்லை. அதைப் பார்த்துத்தான் இறங்கி வந்தாள்.

"சரி, வெட்டச் சொல்லுங்க. அவன் வர்றப்ப பழம் இருக்கணுமில்ல?"

சின்னப்பனிடம் சொல்லி வைத்தேன்; எந்தக் குச்சி என்று பக்கத்தில் நின்று காட்டலாம் என்றிருந்தேன். எலுமிச்சைத் தோட்ட வேலையில் அவனை மிஞ்ச இங்கே ஆள் கிடையாது. எலுமிச்சையில் முதல் பாடமே போத்து கழிப்பதுதான். அடியிலிருந்து தளதளவென்று கிளம்பி, தாய்மரத்தின் சத்தை உறிஞ்சுகிற கொழுந்துக் கிளைதான் போத்து. அதை விட்டு வைக்கிறவன் இங்கே விவசாயியே இல்லை.

புரிந்துவிட்டதா?

பச்சைக் குச்சிகள் எல்லாம் சுவரோரம் குவிந்து கிடந்தன. பழுப்பேறிய பழைய குச்சிகள் மட்டும் புதுக் கயிற்றில் கட்டி, அடியில் எருவும் போட்டு, ஜம்மென்று நின்றன. வெட்டுகிற சத்தம் கேட்கப் பொறுக்காமல் மரகதம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்திருக்கிறாள்.

"போத்து ஒண்ணு பாக்கியில்லீங்க. தாய்க்குச்சி அம்புட்டையும் உட்டு வெச்சிருக்கேன். பெத்தவளப் போயி யாராச்சும் வெட்டுவாங்களா?"

அவனை எப்படித் திட்டுவது? இருந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

உலகத்துக் கொடுமைகளை எல்லாம் கெட்டவர்களே செய்தால் எவ்வளவு சௌகரியம்! திட்டவாவது ஒரு ஆள் கிடைப்பான். இந்த யுத்தமும் சின்னப்பன் மாதிரிதான் வேலை செய்கிறது. இளசுகளைச் சாய்த்துவிட்டு, காய்த்து ஓய்ந்த என்னைப் போன்றவர்களைக் கயிறு கட்டி நிறுத்தி வைத்திருக்கிறது.

மரகதம் வெளியே வந்து பார்த்தாள். "மறுபடி வருமாங்க?"

"வேர் பொழச்சிருந்தா வரும்."

"பொழச்சிருக்குதான்னு எப்பிடித் தெரியும்?"

நான் சுவரோரம் கிடந்த பச்சைக் குச்சிகளை அள்ளத் தொடங்கினேன்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் அந்தக் காய்ந்த குச்சிகளுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறாள். அதில் இனி இலைகூட விடாது என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். கேட்கிற வழியாக இல்லை.

நேற்று அவளுக்குக் காய்ச்சல்... நான் ஊற்றினேன்.