மூன்றாவது சரணத்தில் செத்த அம்மா

அமெரிக்காவில் கென்டக்கி மலைப்பக்கத்தில் நிலக்கரி லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஓடெல் பிரூயிட், பாட்டெழுதிப் பெரிய ஆளாகப் போவதாகச் சொல்லி, பாடகர்கள் குவியும் ஊரான நாஷ்வில்லுக்குக் கிளம்பியபோது அவனுக்கு இருபத்தாறு வயது. பதினோரு வருடம் அங்கே இருந்தான். அதில் ஒன்பது வருடம் ஓட்டலில் தட்டு கழுவினான். "என் கை படாத பெரிய பாடகரே அந்த ஊர்ல கெடையாது. எல்லார் எச்சித் தட்டையும் கழுவியிருக்கேன்" என்று பிற்காலத்தில் மேடையில் அவனே சொல்லிக்கொள்வான். எழுதிய நானூறு பாட்டில் ஓடியது ஒன்றே ஒன்று. அதுவும் பொய்.

அந்தப் பக்கத்துப் பாட்டுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் சரணத்தில் ஆள் பிறக்கும், இரண்டாவதில் கஷ்டப்படும், மூன்றாவதில் யாராவது செத்தாக வேண்டும். ஓடெல் தன் அம்மா ஒனீடாவைப் பற்றி எழுதினான். அப்பா ஓடிப்போனது, அம்மா சட்டைத் தொழிற்சாலையில் தைத்துத் தைத்து விரல் மரத்துப்போனது, அதெல்லாம் நிஜம். மூன்றாவதில் யாரைக் கொல்வது? அப்பாவைக் கொன்றால் ஒருவரும் அழமாட்டார்கள். நாயை ஏற்கெனவே வேறொரு பாட்டில் கொன்றாகிவிட்டது. எனவே அம்மாவை நீலக் கவுனில் கிடத்திப் புதைத்துவிட்டான். நீலம் தாளத்துக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது.

அடுப்படி ரேடியோவில் தன் சாவைக் கேட்ட ஒனீடா, உரித்துக்கொண்டிருந்த பீன்ஸை வைத்துவிட்டு மகனுக்குப் போன் செய்தாள்.

"புதைச்சதுகூடப் பரவால்லடா. நீலத்துலயா புதைப்ப? நான் என்னைக்குடா நீலம் உடுத்தினேன்?"

அவளிடம் இருந்த ஒரே நல்ல கவுன் பாசிப்பச்சை. அவளே தைத்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் அதைப் போடுவாள். பாட்டில் நிறத்தை மாற்றி எழுதச் சொன்னாள். பாட்டு ஊரெல்லாம் போய்விட்டது, இனி முடியாது என்றார் பெரிய கலைஞர்.

அடுத்த பாட்டு ஓடவில்லை. அதற்கடுத்ததும் ஓடவில்லை. முப்பத்தேழு வயதில் கிடாரோடு வீடு திரும்பினான். செத்துப்போன அம்மாவின் பின்கட்டு அறையில் படுத்துக்கொண்டு, செத்துப்போன அம்மா சுட்ட சோள ரொட்டியைத் தின்றுகொண்டு, சனிக்கிழமைதோறும் ஏதாவது ஒரு திருவிழாவில் அவளைப் புதைத்துவிட்டு வந்தான். கேட்பவர்கள் அழுதார்கள். உண்மை தெரிந்தால் இருக்கிற ஒரு பாட்டும் போய்விடுமே என்று வாயைத் திறக்கவே இல்லை.

இப்படியே இருபது வருடத்துக்கு மேல் ஓடியது.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே எல்லாக் குடும்பமும் கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, பக்கத்திலேயே மேசை போட்டுச் சாப்பிடும். ஒரு வருடம் பக்கத்து மாநிலமான ஒஹையோவிலிருந்து, அந்தப் பாட்டைக் கேட்டு அழுத இரண்டு பெண்கள் கை நிறையப் பூவோடு வந்துவிட்டார்கள். உருளைக்கிழங்கு சாலட் பரிமாறிக்கொண்டிருந்த பாசிப்பச்சைக் கவுன்காரியிடம், "ஓடெலோட அம்மா ஒனீடா கல்லறை எதுங்க?" என்று கேட்டார்கள்.

"இன்னும் தோண்டலம்மா" என்று ஒனீடா பூவை வாங்கிக்கொண்டாள். "உக்காருங்க, சாப்பிடுங்க."

ஓடெல் லாரிக்குப் பின்னால் ஒளிந்தான். ஐம்பத்தெட்டு வயது ஆள், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் பார்க்க. அம்மா அவனை இழுத்து வந்து பாடச் சொன்னாள். இரண்டு சரணத்தோடு நிறுத்தினான்.

"முழுசாப் பாடு, தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க. ஆனா பாசிப்பச்சைன்னு பாடு."

முயன்றான். சொல் நீளம். தாளத்தில் இடறி விழுந்தான். வந்தவர்கள் முன்னால் மானம் போகிறதே என்று மறுபடி நீலத்துக்கே ஓடினான். வந்தவர்களில் ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி ஏமாந்த கோபத்தில் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு இரண்டாம் தடவை சாலட் கேட்டாள்.

ஒனீடா கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் நெசமாவே போறப்ப என்னடா பாடுவ? இருந்த ஒண்ணையும் செலவழிச்சிட்ட."

அந்தக் கேள்வி அவனைத் தின்றது. புதிதாக ஒன்று எழுத நான்கு வருடம் உட்கார்ந்தான். குப்பைக்கூடை நிறைந்தது. புதுப் பாட்டிலாவது பாசிப்பச்சையை நுழைக்கப் பார்த்தான்; அது நுழைய மறுத்தது.

நான்காம் வருடம் பிப்ரவரியில் ஒனீடா இறந்தாள். அவளுக்கு உடுத்தப் பாசிப்பச்சைக் கவுனை ஓடெலே இஸ்திரி போட்டுக் கொடுத்தான். சர்ச்சில் எல்லாரும் அந்தப் பாட்டைத்தான் கேட்டார்கள். கிடாரை எடுத்து ஆரம்பித்தான். மூன்றாவது சரணத்தில் சர்ச்சே சேர்ந்துகொண்டது. இருபத்தைந்து வருடப் பழக்கம், அத்தனை வாயிலும் நீலம். ஓடெல் மட்டும் பாசிப்பச்சை என்றான். தாளம் தப்பியது. கிடார் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் போயின. அவன் திருத்திக்கொள்ளவில்லை. எல்லாரும் முடித்துவிட்டு உட்கார்ந்த பிறகும், தாளத்தில் நான்கு அடி பின்தங்கி, தன் ஒரே பாட்டைத் தப்புத் தப்பாகப் பாடிக்கொண்டிருந்தான்.