வெல்லக்கடைக்காரியின் மாத்திரை

திருவள்ளூரில் கோயில் குளத்துப் படிக்கட்டை ஒட்டி எங்களுக்கு ஒரு வெல்லக்கடை இருந்தது. அமாவாசைக்கு வருகிறவர்கள் வெல்லம் வாங்கிக் குளத்தில் போடுவார்கள். வெல்லம் கரைவதுபோல நோயும் கரையும் என்று நம்பிக்கை. ஊரிலுள்ள வயிற்றுவலி, மூட்டுவலி எல்லாம் எங்கள் கடை வழியாகத்தான் தண்ணீருக்குள் போயின. எங்கள் வீட்டு நோய் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

நோய் அம்மாவுக்கு. இன்றைக்கு இருதுருவ நோய் என்று மரியாதையாகப் பெயர் சொல்கிறார்கள். எழுபதுகளில் எங்கள் தெருவில் அதற்கு வைத்திருந்த பெயரை எழுத எனக்கு மனசு வரவில்லை. சில மாதங்கள் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்தே கிடப்பாள். நான் தலைவாராமல் பள்ளிக்கூடம் போவேன். திடீரென்று ஒருநாள் எழுந்துவிட்டால் அவ்வளவுதான், வீடே திருவிழா. தூங்க மாட்டாள். தானே பாட்டுக் கட்டிப் பாடுவாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திருப்பாச்சூர் வரை நடந்தே போய் வருவாள். கூடப்பிறந்தவர்கள் இல்லாத எனக்கு அந்த அம்மாதான் ஒரே கூட்டாளி. அவள் படுத்துவிட்டால் பேச ஆளில்லாமல் நான் சாக்கு மூட்டைகளோடு பேசிக்கொண்டிருப்பேன்.

மெட்ராஸ் டாக்டர் ஒருவர் மாத்திரை கொடுத்திருந்தார். தினமும் போட வேண்டும், ஆயுசுக்கும் போட வேண்டும். இதுவும் ஒருவகை உப்புதான் என்று அவர் சொல்லிவைத்தது நைனாவுக்கு வசதியாகப் போயிற்று. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

"உப்புக்கா மெட்ராஸ் போய்க்கினு வரணும்? வெல்லம் விக்கிறவன் ஊட்டுலயே இங்கிலீஷ் மாத்திரன்னு தெரிஞ்சா, எவன் நம்ம கடையாண்ட வருவான்?" என்றார். நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டு உலை அந்த நம்பிக்கையில்தான் கொதித்தது.

அம்மாவின் கவலை வேறு. நாலைந்து நாள் போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டாள்.

"வாயில துணிய வச்சி அடச்சாப்பல கீது. பாட்டே வரல," என்று மாத்திரைப் புட்டியை உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். போடலாமா வேண்டாமா என்று தினமும் அதை எடுத்துப் பார்ப்பாள், மறுபடி வைத்துவிடுவாள். பூனை கீனை தட்டி அது உடைந்து தொலையாதா என்று எனக்கு இருக்கும்.

எனக்கு ஏழு வயதான வருஷம், தை அமாவாசை. நல்ல கூட்டம். நைனா நாஷ்டா வாங்கப் போன நேரம் பார்த்து அம்மா வெல்ல மூட்டைகளைப் பிரித்துவிட்டாள்.

"இன்னிக்கி எல்லாருக்கும் சும்மா! எடுத்துக்கினு போங்க!"

சும்மா என்றால் கேட்க வேண்டுமா? கடை நிமிஷத்தில் காலி. அம்மா கைகொட்டிச் சிரித்தாள், நானும் குதித்தேன். என்னைப் பார்த்து, "எல்லாரும் வெல்லத்தக் கரைக்கிறாங்க. நாம ரெண்டு பேரும் கரஞ்சிட்டா இன்னா கண்ணு?" என்று கேட்டுவிட்டுக் கையைப் பிடித்துப் படியிறங்கினாள். பாடிக்கொண்டேதான் இறங்கினாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, பிறகு எனக்குத் தரை எட்டவில்லை. உள்ளே கண்ணைத் திறந்தால் எல்லாம் பச்சையாக இருந்தது. அம்மா என் கையை விடவேயில்லை. எனக்குத் துளிக்கூடப் பயமில்லை.

குளித்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர் என் முடியைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டார், கையை விடாத அம்மாவும் கூடவே படிக்கு வந்தாள். "ஏம்மா, கொயந்தய சாவடிக்கப் பாக்கிறியா?" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினார். நான் வாய் வாயாகத் தண்ணீர் கக்கினேன்.

சாயங்காலம் அம்மா எனக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். பாட்டு இல்லை. நைனா மூலையில் உட்கார்ந்திருந்தார்.

"பயந்துட்டியா கண்ணு?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, ஜாலியா இருந்திச்சி. அடுத்த அமாசைக்கும் போலாமா?"

துண்டு அப்படியே நின்றுவிட்டது. சந்தோஷப்படுவாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். எழுந்து போய்ப் புட்டியைத் திறந்து ஒரு மாத்திரையை விழுங்கினாள். நைனா "கடை..." என்று ஆரம்பித்தார்.

"கடைய மூடு, இல்லாட்டி தொற. நான் இத்த முழுங்கத்தான் போறேன்," என்றாள்.

கடைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ஆயிற்று. கொஞ்சநாளில் பாட்டு நின்றது. படுக்கையும் நின்றது என்பது எனக்கு உறைக்கவில்லை. தினமும் தலைவாரிவிட்டாள், சோறு கட்டிக் கொடுத்தாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். வாரும்போது அவள் விரல்கள் லேசாக நடுங்கும். எல்லாம் அந்த மாத்திரையின் வேலை என்று பின்னால்தான் தெரிந்தது. யாரோ ஒரு பொம்பளை அம்மாவின் புடவையைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்கிறாள் என்று தோன்றும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் அம்மாவுக்காக ஏங்கிப் போனேன்.

ஒரு அமாவாசையன்று, கடையிலிருந்து ஒரு கட்டி வெல்லத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். அம்மா கூடவே வந்து எனக்கு மேற்படியில் உட்கார்ந்தாள். அம்மாவின் மாத்திரையெல்லாம் கரைந்து போகட்டும், என் பழைய அம்மா வரட்டும் என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டு, எட்டிப் போடக் குனிந்தேன். முடியவில்லை. திரும்பிப் பார்த்தால் என் பாவாடையை அம்மா இரண்டு கைகளாலும் கொத்தாகப் பிடித்திருந்தாள். கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. ஒரு வெல்லத்தைக்கூட நிம்மதியாகப் போட விடமாட்டேன் என்கிறாளே என்று எனக்கு ஒரே எரிச்சலாக வந்தது.