மீன் வறுத்த வாசனை அடித்த கனெக்டர்

1. வேகிற படகு

“மேடம், ஒங்க போட்டு வேகுது. வந்து பாருங்க.”

திருமலைராயன்பட்டினத்துப் பக்கம் இறால் குளம் வைத்திருந்த ராஜகோபால் போனில் இப்படித்தான் ஆரம்பித்தார். அப்போது நான் காரைக்காலில் ஒரு சின்ன கம்பெனியில் சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். ரிமோட்டில் ஓடும் பேட்டரிப் படகுகளை நாங்கள் செய்து விற்றோம். விளையாட்டுச் சாமான் இல்லை. தீவனத்தைச் சுமந்துபோய்க் குளம் முழுக்கத் தூவிவிட்டு வரும் படகு.

போய்ப் பார்த்தேன். பேட்டரியையும் மோட்டார் கன்ட்ரோலரையும் இணைக்கும் மஞ்சள் கனெக்டர் ஒரு பக்கம் இளகி வளைந்திருந்தது. புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்ததும் பெரிய கனெக்டராக மாற்றிவிடுவார்கள். அதுவும் கொஞ்ச நாளில் உருகும். முதலில் சூடு எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். படகைக் கரையில் கட்டிப்போட்டு முழு வேகத்தில் ஓடவிட்டேன். கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் சரியாகவே இருந்தது. ஆகவே புரொப்பல்லரில் பாசி சுற்றவில்லை, மோட்டாரும் இறுகவில்லை. ஒயரைத் தொட்டேன், சூடு இல்லை. கனெக்டரைத் தொடவே முடியவில்லை. அதன் இரு பக்கத்துக்கும் நடுவே எவ்வளவு வோல்டேஜ் விழுகிறது என்று அளந்தேன். புது கனெக்டரில் வருவதைவிடப் பல மடங்கு. கோளாறு அந்த ஜாயின்டில்தான்.

அறுத்துப் பிரித்தால், உள்ளே இருக்கும் உலோகப் பின் முழுவதும் பழுப்பாக ஒரு படலம். உப்புப் பூத்திருந்தால் பச்சையாக இருக்கும், சுரண்டினால் உதிரும். இது வார்னிஷ் அடித்ததுபோல நகத்துக்கு அசையவில்லை. முகர்ந்து பார்த்தேன். மீன் வறுத்த வாசனை அடித்தது.

“ஓடும்போதெல்லாம் அந்த வாசனதான் தங்கச்சி. சோத்தப் போட்டுக்கிட்டு ஒக்காந்துடலாம்,” என்றார் கலியமூர்த்தி. படகு ஓட்டுவது, தீவனம் போடுவது, குளத்துக்குக் காவல் எல்லாம் அவர்தான். பட்டினச்சேரிக்காரர். கடலுக்குப் போவதை விட்டுவிட்டுக் குளத்து வேலைக்கு வந்தவர்.

2. கை

அடுத்த வேளைத் தீவனம் போடும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். விஷயம் கண்ணெதிரிலேயே நடந்தது. கலியமூர்த்தி தீவனத்தை டப்பில் கொட்டி, மீன் எண்ணெய் ஊற்றிக் கையால் பிசைந்தார். இறால் நன்றாகத் தின்னட்டும் என்று அந்தப் பக்கத்துக் குளங்களில் அப்படித்தான் செய்வார்கள். பிசைந்ததைப் படகில் நிரப்பிவிட்டு, அதே கையால் கனெக்டரைச் செருகினார். படகை ஆன் செய்வது என்றாலே கனெக்டரைச் செருகுவதுதான். சுவிட்ச் என்று ஒன்றை நாங்கள் வைக்கவே இல்லை. எண்ணெயும் தீவனத் தூளும் பின்னில் ஒட்டி, கரண்ட் ஓடும் சூட்டில் காய்ந்து, வேளைக்கு வேளை படலம் கனத்துக்கொண்டே போயிருக்கிறது. படலம் கனக்கக் கனக்கச் சூடும் கூடியிருக்கிறது.

கனெக்டரை மாற்றிக் கொடுத்தேன். அது கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும் என்று தெரியும். ஆபீசுக்கு வந்து முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கனெக்டரைப் பெட்டிக்குள் வைத்து சீல் செய்துவிடலாம், வெளியே வாட்டர் புரூஃப் சுவிட்ச் ஒன்று வைத்தால் போதும், விற்ற படகுகளையும் வரவழைத்து மாற்ற வேண்டும் என்றேன்.

“ஒருத்தன் கையக் கழுவாததுக்கு நான் டிசைன மாத்தணுமா? யூசர் மிஸ்டேக்குன்னு போட்டு குளோஸ் பண்ணுங்கம்மா.”

“அவங்க வேலையே அந்தக் கையாலதான் சார்.”

“அப்ப ஒரு ஸ்டிக்கர் அடிச்சுக் குடுத்துடுவோம்.”

அடித்தும் கொடுத்தார். ‘சுத்தமான, உலர்ந்த கையால் மட்டும் தொடவும்.’ நான்தான் கொண்டுபோய் ஒட்டினேன். கலியமூர்த்தி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“எதுல கழுவ, தங்கச்சி? இந்தக் கொளத்து உப்புத் தண்ணியிலயா?”

அங்கே வேறு தண்ணீர் இல்லை. ஏ.சி. அறையில் உட்கார்ந்து வாசகம் எழுதிய மனிதருக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ளும் அக்கறையும் கிடையாது. திரும்பிவந்து மறுபடியும் கேட்டேன். “சீசன் முடியட்டும்மா,” என்றார்.

3. சீசன் முடியவில்லை

அதற்குள் கனெக்டர் உருகிப் படகு நடுக்குளத்தில் நின்றுபோனது. காற்று அதை ஏரேட்டர் பக்கம் தள்ளியது. ஏரேட்டர் என்பது தண்ணீரை அடித்து இறாலுக்குக் காற்றுக் கொடுக்கும் மின்சாரச் சக்கரம். அதை நிறுத்தினால் இறால் செத்து மிதக்கும் என்று ராஜகோபால் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தார். படகு சக்கரத்தில் மாட்டி நொறுங்கினால் அதற்கும் கலியமூர்த்திதான் பதில் சொல்ல வேண்டும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார். ஏரேட்டர் கேபிளில் எங்கோ கரண்ட் கசிந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை.

ஆள் தண்ணீரில் இறங்கவே வேண்டாம் என்று சொல்லித்தான் அந்தப் படகை விற்றிருந்தோம்.

முதலாளி என்னையும் கூட்டிக்கொண்டு குளத்துக்குப் போனார். துக்கம் விசாரிக்க இல்லை. “நம்ம போட்டு இருவத்தி நாலு வோல்ட்டுதாங்க. இது யாரையும் கொல்லாது,” என்று ராஜகோபாலிடம் சொன்னார். அவர் சொன்னது உண்மை. அதைவிட அயோக்கியத்தனமான ஓர் உண்மையை நான் இன்றுவரை கேட்டதில்லை. ராஜகோபால் மட்டும் சளைத்தவரா? “அவர எறங்கச் சொன்னது யாருங்க?” என்றார். இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள்.

பட்டினச்சேரிக்கு நான் தனியாகப் போனேன். கலியமூர்த்தியின் மனைவி என்னை உட்காரச் சொன்னார்.

“கடல்ல அத்தன வருசம் கெடந்தாரு, ஒண்ணும் ஆவல. இடுப்பளவு தண்ணியில போயிட்டாரு. அந்த போட்டு ஏங்க நின்னுச்சு?”

மழுப்ப மனம் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

“அதச் சரி பண்ண முடியாதாங்க?”

“முடியும்க்கா.”

“அப்பறம் ஏன் பண்ணல?”

நான் அழுதுவிட்டேன். அவர்தான் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்த மாடலில் சுவிட்ச் வந்தது. விளம்பரத்தில் அதைப் புதுமை என்று பெரிய எழுத்தில் போட்டார்கள். அதைப் பார்த்த அன்றே வேலையை விட்டேன். இப்போது காரைக்கால் தலத்தெருவில் வீட்டு முன்னறையில் சொந்தமாக சர்வீஸ் செய்கிறேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஆம்பியரைப் பாருங்கள், ஜாயின்டில் விழும் வோல்டேஜைப் பாருங்கள், பின்னை முகர்ந்துகூடப் பாருங்கள். அதற்கெல்லாம் முன்னால், படகைக் கொண்டுவந்தவரிடம் ஒன்றைக் கேளுங்கள். இது நடுத்தண்ணீரில் நின்றுபோனால் யார் இறங்கி எடுப்பார்? நான் எல்லாரிடமும் கேட்கிறேன்.

“அதெல்லாம் எவனாச்சும் எறங்கிடுவான் மேடம்,” என்பார்கள்.

அப்படிச் சொல்பவரின் படகை சுவிட்ச் வைக்காமல் நான் திருப்பித் தருவதில்லை.