வண்டியை ஓட்டியது யார்

தம்பி மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனபோது தன் மோட்டார் சைக்கிளை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். விற்றுவிடலாம் என்றுதான் நான் சொன்னேன். "எத்தன நாளைக்கு அந்த பஸ்ஸுக்குக் காத்துக் கெடப்ப? ஓட்டப் படி" என்றான். கோவில்பட்டிக்கு வெளியே ஒரு நூல் மில்லை ஒட்டிய பொட்டலில் வைத்து எனக்குக் கியர் மாற்றச் சொல்லிக்கொடுத்தான். லைசென்ஸும் எடுக்க வைத்தான். வண்டிக்கு முழு இன்சூரன்ஸ் கட்டியிருந்தான். அதை மட்டும் விட்டுவிடாதே என்று விமானம் ஏறப் போகிற அன்றைக்கும் சொன்னான்.

நான் கிராம சுகாதார நர்ஸ். கோவில்பட்டியில் வாடகை வீடு. வேலை பார்த்த ஊர்கள் விளாத்திகுளம் போகிற பாதையில் உள்ளே தள்ளி, கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்தன. எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை. அதற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. பேச்சு வந்தது, நின்றது, பிறகு வரவே இல்லை. அம்மா இறந்தபிறகு வீட்டில் நான் மட்டும்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு ஐப்பசி மாதம் அது நடந்தது. புதன்கிழமை தடுப்பூசி போட்டுவிட்டு, காலி ஐஸ் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். முந்தின நாள் நல்ல மழை. கரிசல் மண் நனைந்துவிட்டால் சக்கரத்தில் அப்பிக்கொண்டு மட்கார்டுக்குள் அடைத்துவிடும். நாலு தடவை இறங்கிக் குச்சியால் நோண்டிவிட்டு, ஒருவழியாகத் தார் ரோட்டில் ஏறினேன். இனிமேல் கவலையில்லை என்று வேகம் எடுத்தபோது வேலிக்கருவை முட்புதருக்குள் இருந்து ஆடுகள் திமுதிமுவென்று குறுக்கே வந்தன. பிரேக்கை மிதித்தேன். சக்கரத்தில் இன்னும் சகதி இருந்திருக்க வேண்டும். வண்டி என்னையும் இழுத்துக்கொண்டு ரோட்டோர ஓடைக்குள் போய்விட்டது.

ஆடுகள் போய்விட்டன. ஆட்டுக்காரர் எந்தப் பக்கம் நின்றார் என்றே தெரியவில்லை. இடது மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தேன். யாரை, என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று வரவில்லை. சும்மா மூடிக்கொண்டேன். வானம் மூட்டமாக இருந்தது. வண்டியின் பின் சக்கரம் மெதுவாகச் சுற்றி நின்றது.

களையெடுத்துவிட்டு டிராக்டரில் திரும்பிய பெண்கள்தான் என்னைப் பார்த்தார்கள்.

"ஏட்டி, நம்ம நர்ஸம்மாட்டி! என்ன தாயி, இங்கன கெடக்கீங்க?"

அவர்கள்தான் என்னைத் தூக்கி, வண்டியையும் தூக்கி டிராக்டரில் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தைப் பார்த்து எலும்பு விரிசல் விட்டிருக்கிறது என்றார். கட்டுப் போட ஆரம்பிக்கும்போது, "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டார். டிராக்டர்காரர் என்னை ஆஸ்பத்திரியிலும் வண்டியை ஒர்க்ஷாப்பிலும் இறக்கிவிட்டு, பெண்களோடு அப்போதே போயிருந்தார். "வெளிய நிக்காங்க சார்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. வாய் தானாகச் சொன்னது.

எட்டயபுரம் ரோட்டில் இருந்தது அந்த ஒர்க்ஷாப். மெக்கானிக் தகரக் கொட்டகையின் ஓரத்தில் என் வண்டியைச் சாய்த்து வைத்திருந்தார். முன் ஃபோர்க் வளைந்து, ஹெட்லைட் நொறுங்கி, டேங்க் ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. மேலே அப்பிய சகதி காய்ந்து சாம்பல் நிறமாகிவிட்டது. நான் ஒரு துணியை எடுத்தேன்.

"துடைக்காதீங்கக்கா" என்றார் அவர். "இன்சூரன்ஸ்ல கேக்கணும்னா அவங்க சர்வேயர் வந்து சேதத்தப் பாக்குற வரைக்கும் அப்படியேதான் நிக்கணும்."

சர்வேயர் திருநெல்வேலியிலிருந்து வரவேண்டும். இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்று தள்ளிக்கொண்டே போனது. நான் பஸ்ஸில் வேலைக்குப் போய், சாயங்காலம் ஒர்க்ஷாப்புக்கு வந்து கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவேன். ஒரு கையை வைத்துக்கொண்டு சோறு வடிப்பது, சேலை கட்டுவது எல்லாம் எப்படியோ பழகிவிட்டது. தலைமுடியைத்தான் பின்ன முடியவில்லை. வாரி, ரப்பர் பேண்டைப் பல்லால் கடித்து இழுத்துப் போட்டுக்கொண்டு போனேன்.

ஒரு சாயங்காலம் நான் போனபோது சர்வேயர் வந்திருந்தார். வயதானவர், கழுத்தில் கேமரா. வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வண்டிய ஓட்டுனது யாரு?"

"நான்தான் சார்."

அவர் மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் ஸ்பானரைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

"வீட்டுக்காரர் என்ன பண்ணுதார்?"

"எனக்குக் கல்யாணம் ஆகலை சார்."

"கூடப் பொறந்தவங்க?"

"தம்பி ஒருத்தன். மஸ்கட்ல இருக்கான்."

"லீவுல வந்திருக்காரோ?"

"இல்ல."

"வேற யாரு இருக்கா வீட்டுல?"

"யாரும் இல்ல."

"சித்தப்பா மகன், அக்கா மகன், அப்படி யாராவது வந்து போறாங்களா?"

"யாரும் இல்ல சார்."

ஒர்க்ஷாப்பில் வேறு வண்டிக்குக் காத்திருந்த இரண்டு பேர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் குரலில் அதட்டல் எதுவும் இல்லை. சொல்லப்போனால் தன்மையாகத்தான் பேசினார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. தினமும் நான் பாக்கேன். லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டிட்டுப் போயி விழுந்திருப்பான். லைசென்ஸ் இருக்கவங்க ஓட்டுனதா எழுதிக் குடுப்பாங்க."

நான் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினேன்.

"பின்னால உக்காந்து வந்தாலும் கை ஒடியும்லாம்மா" என்றார்.

விழுந்ததை யாராவது பார்த்தார்களா என்று கேட்டார். விழுந்ததை யாரும் பார்க்கவில்லை, விழுந்து கிடந்ததைத்தான் பார்த்தார்கள் என்றேன். வீட்டில் வந்து விசாரிக்க ஆள் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஆள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். என்னைவிட ரொம்ப இளையவர். தோளில் பை தொங்கியது. நான் கதவைத் திறந்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பு இருந்தது. பிறகு பார்வை பக்கவாட்டில் கொடிக்குப் போனது. கொடியில் ஒரு முழுக்கைச் சட்டையும் ஆம்பளைகள் கட்டுகிற கட்டம்போட்ட சாரமும் தொங்கின. ஒற்றைக் கையால் பிழிய முடியாமல் அப்படியே போட்டிருந்ததால் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"வீட்டுல ஆம்பளையாள் யாரும் இல்லன்னு சொல்லியிருக்கீங்க."

"ஆமா."

"இது இன்னைக்குத் துவைச்ச சட்டையால்லா இருக்கு?"

எனக்குக் காது மடல் சுட்டது. அம்மா இறந்த கொஞ்ச நாளில் எவனோ ஒருத்தன் குடித்துவிட்டு வீடு தெரியாமல் வந்து கதவைத் தட்டியிருந்தான். கூட வேலை பார்த்த ஒரு நர்ஸ்தான் யோசனை சொன்னாள், ஒரு ஆம்பளைச் செருப்பு வாங்கி வாசலில் போட்டு வை என்று. கடையில் அளவு கேட்டார்கள். "பெரிசாக் குடுங்க" என்றேன். செருப்பு மட்டும் இருந்தால் நம்ப மாட்டார்கள் என்று தோன்றியதால் தம்பி விட்டுப்போன சட்டையையும் சாரத்தையும் கொடியில் போட ஆரம்பித்தேன். ஒரே சட்டை காய்ந்துகொண்டே இருந்தால் சந்தேகம் வரும். அதனால் வாரம் ஒருமுறை நிஜமாகவே துவைத்தேன். செருப்பைத் தட்டி, ஒருநாள் இந்தப் பக்கம், ஒருநாள் அந்தப் பக்கம் மாற்றிப் போடுவேன். யாரும் போடாத சட்டைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டு எத்தனை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருந்தேன்! அதை ஒருபோதும் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது பை மாட்டிய ஒரு அந்நியரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

"அது சும்மா போட்டிருக்கு" என்றேன்.

"சும்மான்னா? யாருது?"

"யாருதும் இல்ல. பாக்குறவங்க ஆள் இருக்குன்னு நெனைக்கட்டும்னு போட்டிருக்கேன்."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. "அக்கம்பக்கத்துல ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போனார்.

எதிர்வீட்டில் பஜாரில் சாக்கு, கயிறு வியாபாரம் செய்கிற ஒரு பாய் குடும்பத்தோடு இருந்தார். அவர் வீட்டம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் தண்ணீர் வந்துவிட்டதா, கரண்ட் போய்விட்டதா என்பதற்கு மேல் நாங்கள் பேசியது குறைவு. அவர்களும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. வீட்டில் ஆள் ஒருத்தர் இருப்பதாக அந்த அக்கா நம்புகிறார் என்றே நான் நினைத்திருந்தேன். இப்போது அவர் என்ன சொன்னாலும் வம்பு. ஆள் உண்டு என்பாரானால் நான் பொய்க்காரி. இல்லை என்பாரானால் இத்தனை வருஷம் எல்லாரையும் ஏமாற்றியவள்.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெரு குறுகலானது. பேசியது எல்லாமே கேட்டது.

"அங்கன ஆம்பளையா? யாரு சொன்னா?" என்றார் அக்கா. "அவிய தனியாத்தான் இருக்காவ."

"செருப்பு கெடக்கே, சட்டை காயுதே?"

"அது பயத்துக்குப் போட்டிருக்காவ. தெருவுக்கே தெரியும். யாரும் கேட்டுக்கிடுதது இல்ல. மழை வந்துட்டா நான்தான் போயி அந்தச் செருப்ப ஓரமாத் தள்ளி வைப்பேன், நனைஞ்சிரக் கூடாதேன்னு."

விசாரிக்க வந்தவர் ஏதோ கேட்டார்.

"வண்டியா? அவியதான் ஓட்டுவாவ. காலையில அவிய உதைச்சுக் கெளப்புத சத்தம் கேட்டாத்தான் நான் பால் அடுப்புல வைப்பேன். இப்ப சத்தம் இல்லாம எனக்கு நேரமே தெரியல."

அவர் திரும்பி வந்தபோது எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று மட்டும் காட்டினார். பையை மாட்டிக்கொண்டு படி இறங்கியவர், செருப்பை மிதித்துவிடாமல் சுற்றிக் காலை வைத்தார். "அது பாட்டுக்குக் கெடக்கட்டும்க்கா, எடுத்துறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச நேரம் வெட்கமாக இருந்தது. செருப்பை மாற்றி மாற்றிப் போட்டதையெல்லாம் ஒரு தெருவே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. பிறகு மழைக்குத் தள்ளி வைத்த கை நினைவுக்கு வந்தது. மழை பெய்த பிறகும் செருப்பு நனையாமல் இருந்ததை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. இத்தனை பேர் தெரிந்து வைத்திருந்தும், நானாகப் போய் ஒரு வார்த்தை பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் யோசித்தேன். அந்த யோசனை தனியாக இருப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. அக்கா கையில் சீப்போடும் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடும் நின்றார்.

"திரும்பி உக்காருங்க" என்றார். "பத்து நாளாப் பாக்கேன், ரப்பர் பேண்டைப் போட்டுக்கிட்டுப் போறீங்க."

காலையில் நடந்ததைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சிக்கெடுக்க எடுக்க என் கண்ணில் தண்ணீர் வந்தது. "வலிக்கா?" என்றார். ஆமாம் என்றேன். கட்டுப் பிரிக்கும் வரை வந்து பின்னிவிட்டார். கை சரியான பிறகு வருவதற்குக் காரணம் இல்லாமல் போய்விட்டது. நானும் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவது? தலை பின்னிவிடுங்கள் என்று, இரண்டு கையும் நன்றாக இருக்கிறவள் எப்படிக் கேட்பாள்?

இன்சூரன்ஸ் கடைசியில் கிடைத்துவிட்டது. பிளாஸ்டிக் சாமான்களுக்குப் பாதிதான் தருவார்களாம். மீதியை நானே போட்டுக்கொண்டேன். ஃபோர்க்கை மாற்றி, டேங்க்கைத் தட்டிப் பெயிண்ட் அடித்திருந்தார் மெக்கானிக். புதுச் சிவப்பு பழைய சிவப்போடு சேரவில்லை. "வெயில்ல நின்னா சேந்துரும்க்கா" என்றார். சேரவே இல்லை.

தம்பி மாதம் ஒருமுறை தெருமுனை டெலிபோன் பூத்துக்குக் கூப்பிட்டுப் பேசுவான். அந்தத் தடவையும் வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டான். "நல்லா ஓடுது" என்றேன். விழுந்ததைச் சொன்னால் அங்கே ராத்திரி தூங்காமல் கிடப்பான். வண்டியை விற்றுவிடு என்பான்.

திரும்ப வண்டியில் போன முதல் புதன்கிழமை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்தவள் அன்றைக்கு டிராக்டரில் வந்த பெண்களில் ஒருத்தி.

"கை ஒடிஞ்சு போனீங்களே, வீட்டுல யாரு ஆக்கிப் போட்டா?"

வெளிய நிக்காங்க என்று டாக்டரிடம் சொன்ன வாய்தான். இந்தத் தடவை, "நானேதான் ஆக்குனேன்" என்றேன். "வீட்டுல நான் மட்டும்தான்."

அவள் "ச்சு" என்றாள். பிள்ளையின் தொடையைத் திருப்பிக் காட்டினாள். ஊசி போட்டதும் அது வீறிட்டது. நான் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அழுகை அடங்கும்வரை அங்கிருந்த வேப்பமரத்தடியில் நடந்தேன்.

திரும்பி வரும்போது கிளட்ச் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு கடுத்தது. பாதி வழியில் வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினேன். இரண்டு பக்கமும் பருத்தி பூத்திருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஆள் இல்லை. காற்றுச் சத்தம் மட்டும்தான். கையை உதறி உதறி நின்றேன். வலி கொஞ்சம் மட்டுப்பட்டதும் ஏறி உதைத்தேன். இரண்டாவது உதையில் பிடித்தது.