சொல்லிக்கொடுத்த பிழை

யாழ்ப்பாணத்தில், திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது எங்கள் பல்கலைக்கழகத் துறையின் எழுதுவினைஞர் தொலைபேசியில் அழைத்தார். "மிஸ், மங்களா அக்கா மோசம் போயிட்டா. செத்த வீட்டிலை நீங்கள்தான் பேச வேணுமெண்டு கேக்கினம்." என்னால் முடியாது என்றேன். ஏன் என்று அக்காவை அறிந்த உங்களுக்காவது நான் சொல்ல வேண்டும்.

பல்கலைக்கழகத்தின் ஆசிரியப் பயிற்சிப் பாடநெறியை அக்காவும் நானும் சேர்ந்தே மாற்றி எழுதினோம். "சோதினைப் பேப்பரிலை எல்லாரும் நல்ல ரீச்சர்தான்" என்பார் அக்கா. இனி வகுப்பில் கற்பித்துக் காட்டினால்தான் சான்றிதழ். ஒரு பிள்ளை பிழையாகச் சொன்னால் எங்கே தடுக்கியது என்று கண்டுபிடித்து மீளக் கற்பிக்க வேண்டும். அதற்கே கூடுதல் புள்ளி. மேற்பார்வைக்குப் போனால் கடைசி வாங்கில், பிள்ளைகளோடு முழங்கால் இடிக்க உட்காருவார். "படிப்பிக்கிற ஆளைப் பாக்காதை. பிள்ளையளின்ரை முகத்தைப் பார்."

முதற் பிரிவுப் பயிலுநர்களை மதிப்பிடக் கோப்பாயில் ஒரு பாடசாலைக்குப் போனேன். ஆறாம் வகுப்பு, பின்னங்கள். பயிலுநர் இளைஞர் அவ்வளவு அழகாகக் கற்பித்தார். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் என் அருகில் இருந்த சிறுமி மெல்லச் சொன்னாள்.

"மிஸ், இனி நான்தான் பிழையாச் சொல்ல வேணும்."

யார் சொன்னது என்று கேட்டேன்.

"மங்களா மிஸ். நேற்று எல்லாரும் பழகினனாங்கள்."

கையை உயர்த்தினாள். பிசகாமல் பிழையாகச் சொன்னாள். பிறகு பெருமையோடு என்னைப் பார்த்தாள்.

அன்று பின்னேரம் பலாலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றபடி அக்காவிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "முதல் முறையே பாதிப்பேர் விழுந்தால் இதை மூடிப்போடுவினம். ஒருக்கா நிலைக்கட்டும், பிறகு ஒழுங்காச் செய்வம்."

அடுத்த பிரிவும் ஒத்திகை பார்த்தது. எந்த வகுப்பு என்பதை மதிப்பீட்டு நாள் காலையில்தான் அறிவிக்க வேண்டும் என்று துறைக் கூட்டத்தில் கேட்டேன். அக்கா சிரித்தார். "இவவுக்கு வாங்கிலை இருக்கிற குஞ்சுகளிலையும் சந்தேகம்." எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிறுமி சொன்னதை அக்காவைத் தவிர வேறு யாரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. நம்பிச் சொன்னதையே எடுத்து என்மீது எறிந்தார்.

அவர் ஓய்வு பெறும்வரை நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. பிறகு பொறுப்பு எனக்கு வந்தது. செத்த வீட்டில் பேசிய ஒவ்வொருவரும் அவருடைய பாடநெறியைப் புகழ்ந்தார்கள். நான் பின்வரிசையில் இருந்து கேட்டேன்.

அவர் இறப்பதற்கு முந்திய கிழமைதான் இந்த ஆண்டு மதிப்பீடு முடிந்தது. வகுப்பைக் காலையில்தான் அறிவித்தோம். ஒரு பிள்ளை பிழையாகச் சொன்னது, யாரும் சொல்லிக்கொடுக்காமலே. பயிலுநர் பெண் பதறிப்போய், எங்கே தடுக்கியது என்று தேடாமலே சரியான விடையைத் தானே பலகையில் எழுதி, உடனே அழித்துவிட்டார். அவரால் சித்தியடைய முடியவில்லை. திரும்பவும் வருவார்.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கடைசி வாங்கு. அங்கிருந்துதான் இப்போதும் முகங்களைப் பார்க்கிறேன், முழங்கால் இடிக்க. இந்த முறை பாதிப்பேர் விழுந்துவிட்டார்கள். யாரும் எதையும் மூடவில்லை. அதை அவருடைய வீட்டுக்கே போய், முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று எண்ணி வைத்திருந்தேன்.