கிள்ளிய விரல்கள்

நேற்று பக்கத்து வீட்டு வாசலில் பேசிவிட்டுத் திரும்பினால் கையில் திருநீற்றுப்பச்சை வாசம். அவர்கள் தொட்டிச் செடியின் கொழுந்தை எப்போது கிள்ளினேனோ, எனக்கே தெரியாது. நீங்கள் சிரிக்கலாம். தேயிலைக் காட்டை விட்டு இத்தனை வருஷமாகியும் இந்த விரல்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலும்.

குமுளி மலையை நடந்தே ஏறிய காலம் அது. பீர்மேட்டில் நான் கொழுந்து கிள்ளப் போன புதிதில், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அடுத்த வீடு பேச்சியக்காவுடையது. வந்த முதல் மழையிலேயே ஏழு வயது மகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். லயத்துக்கு மேலே சரிவில் புதைத்தார்கள். அந்தப் பிள்ளை ஊரிலிருந்து பாவாடை முனையில் முடிந்துகொண்டு வந்த திருநீற்றுப்பச்சை விதையை அக்கா வாசலில் போட்டாள். முளைத்தது ஒன்றே ஒன்று. அது பூத்து, தேனீ வந்து உட்கார்ந்து, விதை பிடித்தால் பிள்ளையைப் புதைத்த மேட்டில் தூவ வேண்டும். அக்காவுக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

செடி புதராய்ப் பெருத்ததே தவிரப் பூக்கவில்லை. பூக்கதிர் எட்டிப் பார்த்த மறுநாள் நுனி இருக்காது. பழி என் ஆட்டின் மேல் விழுந்தது. நானும் லேசுப்பட்டவளா? ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா முள்வேலி கட்டினாள். அப்படியும் நுனி போனது.

கோபம் ஆறியபின் ஒரு சாயங்காலம், கூடையை இறக்கிவிட்டு வேலியோரம் நின்று அக்கா தன் மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சினிடையே அவள் விரல்கள் வேலிக்குள் போய், கதிரைக் கிள்ளி, முதுகுப் பக்கம் எறிந்தன. முதுகில் கூடை இல்லை. கீழே கிடந்ததை இரண்டு பேரும் பார்த்தோம்.

"ஒன் ஆடு இல்லட்டி," என்றாள். "எங் கைதான்."

பாதியை நானும் கிள்ளியிருப்பேன். அதைச் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. இன்றும் உறுத்துகிறது.

மறுநாள் முதல் வேலை விட்டு வந்ததும் அக்கா விரல்களில் துணி சுற்றிக்கொண்டாள். சோறு பொங்கத்தான் அவிழ்ப்பாள். செடி பூத்தது, தேனீக்கள் மொய்த்தன. மேட்டில் தூவிய விதையும் முளைத்துப் பூத்தது. தேனீ இரைச்சலைக் கேட்க ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கேயே உட்கார்ந்திருப்பாள்.

பிறகு அந்தச் சரிவையும் வெட்டித் தேயிலை வைத்தார்கள். அது பறிப்புக்கு வந்தபோது அக்கா ஒரு செடிவரிசையைக் காட்டிக் கங்காணியிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த நெரைய எனக்கே குடுங்க."

கொடுத்தார். அடுத்த நிரையில் நான். மேடு இருந்த இடம் வந்ததும் அக்காவின் கை மெதுவாகும். அதை வைத்துத்தான் எனக்கும் இடம் தெரியும். இப்போது அக்கா இல்லை.